காலில் தோன்றும் சிவப்புப் புள்ளிகள்
வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய உண்மைகள்

'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்பது பழமொழி. வணிகனுக்குச் சுவர் அவனுடைய இரண்டு கால்கள். காலை ஆறு மணிக்குக் கடை திறந்தது முதல் இரவு பத்து மணிக்குப் பூட்டுத் தொங்கும் வரை, தராசு முன்பும் பெட்டியடியிலும் கிட்டங்கியிலும் நம்மைத் தாங்கி நிற்பவை அவைதான். ஆனால் சரக்கில் வண்டு விழுந்தால் உடனே கவனிக்கும் நாம், காலில் என்ன விழுந்திருக்கிறது என்று கவனிப்பதில்லை.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடை வைத்திருக்கும் நண்பர்கள் பலர், முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தோன்றியிருப்பதைக் காட்டிப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒருவர் 'சூடு' என்பார். இன்னொருவர் 'காணாக்கடி' என்பார். மற்றொருவர் 'வேர்க்குரு' என்று சொல்லிப் பவுடர் போடுவார். பெரும்பாலும் இவை பயப்பட வேண்டியவை அல்ல. ஆனால் சில சமயம் அந்தப் புள்ளிகள், உள்ளே நடக்கும் பெரிய விஷயத்துக்கு வெளியே ஒட்டிய நோட்டீஸ். எது சாதாரணம், எது அவசரம் என்று பிரித்தறியத் தெரிந்தால் வீண் பயமும் இல்லை, வீண் தாமதமும் இல்லை. நான் மருத்துவன் அல்ல, மொத்த வியாபாரி. படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெளிந்ததை நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கண்ணாடி டம்ளர் சோதனை

முதலில் ஓர் எளிய சோதனை. செலவு எதுவும் இல்லை. வழுவழுப்பான கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்து அதன் பக்கவாட்டைப் புள்ளிகளின் மேல் வைத்து அழுத்துங்கள். கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

அழுத்தும்போது சிவப்பு மறைந்து, விட்டதும் திரும்ப வந்தால், இரத்தம் இன்னும் குழாய்க்குள்ளேதான் ஓடுகிறது என்று பொருள். பூச்சிக்கடி, ஒவ்வாமை, வேர்க்குரு போன்றவை பெரும்பாலும் இந்த வகை.

எவ்வளவு அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை என்றால், நுண்ணிய இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் கசிந்து தோலுக்கு அடியில் தங்கிவிட்டது என்று பொருள். குண்டூசித் தலை அளவில், 3 மில்லிமீட்டருக்குள் இருப்பதை மருத்துவர்கள் 'பெட்டீக்கியே' என்றும், அதைவிடப் பெரியதைப் 'பர்ப்யூரா' என்றும் சொல்கிறார்கள். மூட்டையில் ஓட்டை விழுந்து சரக்குச் சிந்துவது போலத்தான் இது. ஓட்டை ஏன் விழுந்தது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குழாயில் அழுத்தம் கூடியிருக்கலாம். குழாயின் சுவர் வீங்கிப் பழுதடைந்திருக்கலாம். அல்லது ஓட்டையை அடைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். காரணங்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

ஏன் காலில் மட்டும்?

இருதயத்திலிருந்து காலுக்கு இரத்தம் இறங்குவது எளிது. மேலே ஏறுவதுதான் கடினம். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது மீண்டும் கீழே இறங்காமல் சிரைக் குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. கெண்டைக்காலை 'இரண்டாவது இருதயம்' என்று சொல்வது இதனால்தான்.

அசையாமல் நிற்கும் ஒருவருடைய கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். அவர் நடக்கத் தொடங்கினால் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே நடப்பவனுக்குக் கால் கெடுவதில்லை. நின்ற இடத்தில் நிற்பவனுக்குத்தான் கெடுகிறது. நம் கடைகளில் பொட்டலம் மடிப்பவரும் துணிக்கடையில் சேலை விரிப்பவரும் ஆலைகளில் இயந்திரத்தின் முன் நிற்பவரும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். பெட்டியடியில் உயரமான நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவரும் இதற்கு விலக்கு அல்ல. அவருடைய கெண்டைக்காலும் வேலை செய்வதில்லையே!

ஆண்டுக்கணக்கில் இப்படி இருந்தால் வால்வுகள் தளர்ந்து, சிரைகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொள்கின்றன. 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று நாம் சொல்வது உண்மையில் நரம்பு அல்ல, சிரை. இதுவே 'வெரிகோஸ் வெயின்'. மாலையில் கணுக்கால் வீக்கம், கால் கனம், இரவில் கெண்டைப் பிடிப்பு, பிறகு கணுக்காலைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள், அரிப்பு, கருமை என்று இது படிப்படியாக வளரும். கசிந்த இரத்தத்தில் உள்ள இரும்புச் சத்து தோலில் தங்குவதால்தான் அந்தக் கருமை உண்டாகிறது. இரும்பு ஆணி நனைந்தால் பலகையில் கறை பிடிப்பதில்லையா, அதே கதைதான். இதையும் கவனிக்காமல் விட்டால் உள்கணுக்காலுக்கு மேலே புண் வரும். அந்தப் புண் ஆற மாதக் கணக்காகும்.

புள்ளி நிலையிலேயே விழித்துக்கொண்டால் செய்வது சுலபம். மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் நடப்பது, நின்றபடியே குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குவது, இரவில் காலுக்கு அடியில் தலையணை வைப்பது, மருத்துவர் சொன்னால் அழுத்தக் காலுறை அணிவது. சர்க்கரை நோயாளிகளும் நடந்தால் கெண்டைக்கால் வலிப்பவர்களும் தாமாகக் காலுறையை வாங்கி மாட்டக் கூடாது. காலுக்கு இறங்கும் தமனி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அணிய வேண்டும்.

மிளகாய்த் தூள் தூவியது போல

விருதுநகர் மாவட்டத்து வியாபாரிக்கு மிளகாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காலில் மிளகாய்த் தூளைத் தூவியது போலப் புள்ளிகள் தோன்றும் நோய் ஒன்று உண்டு. மருத்துவ நூல்களிலும் இதே உவமையைத்தான் கையாள்கிறார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஷாம்பெர்க் 1901ல் இதை விவரித்ததால் இதற்கு ஷாம்பெர்க் நோய் என்று பெயர். ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. இரண்டு கால்களிலும் செம்பழுப்புத் திட்டுகளும் அவற்றின் ஓரத்தில் புதிய சிவப்புப் புள்ளிகளும் தெரியும். வலி இருக்காது, அரிப்பும் பெரும்பாலும் இருக்காது. நுண்குழாய்களில் ஏற்படும் லேசான அழற்சிதான் காரணம். இரத்தத்தில் எந்தக் குறையும் இருக்காது. உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்தில்லை. ஆனால் மறைய மாதங்களோ வருடங்களோ ஆகலாம். மருத்துவர் பார்த்து இதுதான் என்று உறுதி சொல்லிவிட்டால், அதன்பின் களிம்புக்கும் லேகியத்துக்கும் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

மளிகைக்காரர் அரிப்பு

நம் தொழிலின் பெயரிலேயே ஒரு தோல் நோய் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 'மளிகைக்காரர் அரிப்பு' என்று ஆங்கில மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். மாவு, சர்க்கரை, உலர்ந்த பழம், தானியம் ஆகியவற்றில் ஈரம் ஏறினால், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் உண்ணி இனத்துச் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அந்தச் சரக்கைக் கையாள்பவர் உடம்பில் சிவப்புப் புள்ளிகளும் கடும் அரிப்பும் வருகின்றன. கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் காஸ்டெல்லானி, இலங்கையில் கொப்பரை ஆலைத் தொழிலாளரிடம் இதே போன்ற ஒன்றைக் கண்டு 1912ல் 'கொப்பரை அரிப்பு' என்று எழுதினார். தானியத்தில் விழும் புழுக்களை உண்டு வாழும் இன்னொரு வகைச் சிற்றுயிர், சாக்கு மூட்டையைத் தூக்குபவரையும் கடிக்கிறது.

அடையாளம் என்ன? அரிப்பு மிகுதியாக இருக்கும். கால் மட்டுமின்றி முன்கை, கழுத்து, இடுப்பு என்று மூட்டை படும் இடங்களிலெல்லாம் புள்ளி இருக்கும். ஒரே கிட்டங்கியில் வேலை பார்க்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் வரும். ஊருக்குப் போய் நாலு நாள் இருந்தால் குறையும். திரும்ப வந்து மூட்டையைத் தொட்டால் கூடும். இந்தச் சிற்றுயிர்கள் சொறிசிரங்குப் பூச்சி போல மனிதத் தோலைக் குடைந்து வாழ்வதில்லை. அதனால் மருந்து முதலில் போட வேண்டியது மனிதனுக்கு அல்ல, கிட்டங்கிக்கு!

ஈரம்தான் இவற்றுக்கு உயிர். தானியத்தை நன்கு காயவைத்து ஏற்றுவது, தரையில் மரச்சட்டம் போட்டு அதன் மேல் அடுக்குவது, சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைப்பது, முதலில் வந்த சரக்கை முதலில் விற்பது, காலிச் சாக்குகளை வெயிலில் உலர்த்துவது, சிந்திய மாவையும் குருணையையும் அன்றன்றே கூட்டி அள்ளுவது ஆகியவை போதும். நச்சுப் புகை மாத்திரையை நாமே வாங்கி வைக்கக் கூடாது. அந்த வாயு மனிதரையும் கொல்லும். அனுமதி பெற்ற, பயிற்சி உள்ளவர்களைக் கொண்டே அதைச் செய்ய வேண்டும்.

காய்ச்சலுடன் புள்ளி வந்தால்

இதுதான் இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதி. காய்ச்சல் இருந்து, அழுத்தினால் மறையாத புள்ளிகள் தோன்றினால் தாமதம் கூடாது. நம் பகுதியில் முதலில் நினைக்க வேண்டியது டெங்கு. தமிழ்நாட்டில் 2012ல் 12,000 பேருக்கு மேலும் 2017ல் 23,000 பேருக்கு மேலும் டெங்கு பதிவாயிற்று. அந்த இரண்டு ஆண்டுகளிலும் தலா அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். டெங்குவில் இவை சரிகின்றன, நுண்குழாய்களும் கசிகின்றன. பலரும் ஏமாந்து போகும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். 'ஜுரம் விட்டுவிட்டது' என்று கடைக்கு வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுதல், அரை மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய் தணியும் சமயத்தில் கால்களில் சிவந்து அரிக்கும் தடிப்பு வருவதும் உண்டு. அது குணமாவதன் அடையாளம். ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நாமே முடிவு செய்யக் கூடாது.

கடைக்காரர்களுக்கு இதில் இரண்டு பொறுப்புகள் உண்டு. ஒன்று, 'காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுங்கள் அண்ணாச்சி' என்று கேட்பவருக்குப் பழக்க தோஷத்தில் வலி மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளும் டெங்குவில் இரத்தக் கசிவை அதிகமாக்கும். மற்றொன்று, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நம் கடைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் டிரம், உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை, லாரி டயர், தார்ப்பாயின் மடிப்பு ஆகியவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு நாள், விடுமுறை நாளிலாவது, எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவையுங்கள். அபராத நோட்டீஸ் வந்த பிறகு செய்வதைவிட முன்பே செய்வது மலிவு.

மலை அடிவாரத் தோப்புகளுக்கும் புதர்க் காடுகளுக்கும் சென்று சரக்கு எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காய்ச்சல், தலைவலியுடன் உடம்பில் எங்காவது சிகரெட் நெருப்புச் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அது 'ஸ்கரப் டைபஸ்' ஆக இருக்கலாம். புதரில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வருவது. பெரும்பாலும் வலிக்காது என்பதால் இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டால் சாதாரண மாத்திரையில் குணமாகும். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளைகளின் காலில்

சளி, தொண்டை வலி வந்து போன ஒன்றிரண்டு வாரத்தில், பிள்ளையின் கால்களிலும் பிட்டத்திலும் சற்றே தடித்த செம்புள்ளிகள் தோன்றி, முழங்கால், கணுக்கால் வலியும் வயிற்று வலியும் சேர்ந்தால், அது 'ஹெனாக் ஷோன்லைன்' என்ற இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். தட்டணு எண்ணிக்கை சரியாகவே இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். ஆனால் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும். புள்ளி மறைந்துவிட்டதே என்று நிறுத்திவிடாமல், ஆறு மாதம் வரை சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சோதிக்க வேண்டும். பெரியவர்களுக்கும் இந்த வகை அழற்சி வருவதுண்டு. அவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்புச் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது.

காய்ச்சலே இல்லாமல் தட்டணுக்கள் மட்டும் குறைந்து புள்ளிகள் வரும் நோய்களும் உண்டு. பல் துலக்கும்போது இரத்தம், இடிபடாமலே நீலக் கன்றல், சோர்வு, எடைக் குறைவு சேர்ந்திருந்தால் இரத்த அணுச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. இரத்தப் புற்றுநோய் சில சமயம் இப்படித்தான் முதலில் தலைகாட்டுகிறது.

மாத்திரையும் களிம்பும்

இருதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்றவை சாப்பிடுபவர்களுக்கு எளிதில் இரத்தம் கசியும். புள்ளியைக் கண்டதும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது மாரடைப்பை அழைத்து வரும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். புதிதாக ஒரு மருந்து தொடங்கிய சில நாட்களில் புள்ளி வந்தால், அந்த மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

எந்தப் புள்ளிக்கும் கேட்டு வாங்கித் தடவும் 'ஸ்டீராய்டு' களிம்பும் ஆபத்தானது. 2018ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்பு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அவை படர்தாமரையை மறைத்து வளர்க்கும். தோலை மெலியச் செய்யும்.

என்ன சோதனை, எங்கே?

மருத்துவர்கள் முதலில் கேட்பது முழு இரத்த அணு எண்ணிக்கையும் சிறுநீர்ச் சோதனையும்தான். ஒரு சிப்பம் சர்க்கரையின் விலையைவிடக் குறைவான செலவு. சிரைக் கோளாறு என்றால் காலுக்கு 'டாப்ளர்' ஸ்கேன் பார்ப்பார்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. 2022ல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டிய நிலையும் குறைந்திருக்கிறது.

நிற்பவருக்கு ஓர் இருக்கை

கடைசியாக நம் சங்கம் கவனிக்க வேண்டிய ஒன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ல் வந்தது. அதில் 2021ல் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பணியாளர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்பது அதன் சாரம். கேரளம் 2018லேயே இதைக் கொண்டுவந்தது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்ற உரிமை அது. நம் விருதுநகர்க்காரரான இயக்குநர் வசந்தபாலன் 2010ல் எடுத்த 'அங்காடித் தெரு' படத்தில், நின்றுகொண்டே உழைக்கும் கடைப் பணியாளர்களின் பாட்டை ஊரே பார்த்தது.

'கடைப் பையன் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?' என்று சிலர் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நிற்கப் போகிறான். இல்லாத நேரத்தில் உட்காரட்டும். நாலு ஸ்டூல் வாங்கும் செலவு, பழகிய ஒரு பணியாளர் கால் புண்ணுடன் மூன்று மாதம் வராமல் போனால் நமக்கு ஏற்படும் நட்டத்தில் ஒரு சிறு பங்குதான். சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் கணக்குக்காகவாவது செய்யலாம்.

மருத்துவர்களை அழைத்து, உரிமையாளர், கணக்குப் பிள்ளை, சுமை தூக்குபவர் எல்லோருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு முறை கால், சர்க்கரை, இரத்த அழுத்தச் சோதனை முகாம் நடத்துவது பற்றிச் செயற்குழு ஆலோசிக்க வேண்டுகிறேன். நம் ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் போய் யார் யாருடைய புண்ணையோ கட்டுகிறது. நம் காலில் அதைச் சுற்றும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

சுருக்கமாக, நினைவில் கொள்ள வேண்டியவை:

1. அழுத்தினால் மறையும் புள்ளி: அரிப்பு, பூச்சி, சரக்கு ஆகியவற்றைக் கவனிக்கவும். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பார்க்கவும்.

2. அழுத்தினால் மறையாத புள்ளி, காய்ச்சல் இல்லை: சில நாட்களுக்குள் இரத்த, சிறுநீர்ச் சோதனை.

3. மறையாத புள்ளியுடன் காய்ச்சல், இரத்தக் கசிவு, வயிற்று வலி, மயக்கம்: அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி.

4. கணுக்கால் வீக்கம், கருமை: நடை, ஓய்வு, சிரைச் சோதனை.

இன்றிரவு கடை அடைத்து வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போது, விளக்கு வெளிச்சத்தில் ஒரு நிமிடம் இரண்டு கால்களையும் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களின் கால்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக் காலையில் உங்கள் கடைப் பணியாளர்களிடமும் சொல்லுங்கள்.